நான்கு கட்டங்களும் நல்ல வாசகர்களும்

பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கமே நம்மில் பலருக்கு முதல் ஓவியக்கூடம். கணக்கு ஆசிரியரின் மூக்குக் கண்ணாடி, கிரிக்கெட் வீரரின் மட்டை, அப்போது படித்துக்கொண்டிருந்த படக்கதையின் நாயகன் என எல்லோருக்கும் அங்கே இடம் இருந்தது. பின்னர்ப் பொதுத்தேர்வு வந்தது. கல்லூரி, வேலை, குடும்பம், வீட்டுக் கடன் தவணை என ஒவ்வொன்றாகத் தொடர்ந்தன. வரைவதை நிறுத்தியது எந்த நாளில் என்று கேட்டால் பெரும்பாலோரால் சொல்ல இயலாது. யாரும் தடுக்கவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. பார்ப்பவர் இல்லாத கோடு மெல்ல மெல்லத் தானாகவே நின்றுவிடுகிறது.

அப்படி நின்றுபோன கைகள் பல இன்று மீண்டும் வரையத் தொடங்கியிருக்கின்றன. அலுவலக மின்தூக்கியில் நிகழும் மௌன நாடகம், ஊரிலிருந்து அம்மா செய்யும் தொலைபேசி அழைப்பு, மாதக் கடைசியின் பணப்பை ஆகியவற்றை நான்கு கட்டங்களில் வரைந்து, இணையத்தில் ஒரு சிறு குழுவினரிடம் காட்டுகிறார்கள். முப்பது பேர் பார்க்கிறார்கள். மூவர் கருத்துச் சொல்கிறார்கள். அடுத்த வாரமும் வரைவதற்கு அந்த மூவர் போதும். இந்தப் பொழுதுபோக்கு எப்படி இயங்குகிறது, அதை நிலைநிறுத்துவது எது, அதில் பணம் நுழையும்போது எதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அச்சகத்திலிருந்து கைபேசிக்கு

சித்திரக்கதை நமக்குப் புதியதன்று. ஆர்.கே. லட்சுமணின் 'சாமானிய மனிதன்' 1951 முதல் பல பத்தாண்டுகள் நாளிதழின் முதல் பக்கத்தில் நாட்டு நடப்பை மௌனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அனந்த் பை 1967இல் தொடங்கிய 'அமர் சித்ர கதா' நாடெங்கும் வீடுகளுக்குள் புராணங்களையும் வரலாற்றையும் கொண்டுசென்றது. தமிழ் வாசகர்களுக்குச் சிவகாசியே காமிக்ஸின் தலைநகரம். 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் முத்து காமிக்ஸ் வெளிவந்தது. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. அந்த இதழ்களைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் தேடுபவர்கள் உண்டு.

அக்காலத்தில் ஒரு படக்கதை வாசகரை அடைய அச்சகம், பதிப்பாசிரியர், விற்பனையாளர் ஆகிய மூவரின் ஒப்புதல் தேவைப்பட்டது. இணையம் இந்த வாயில்களைத் திறந்துவிட்டது. தென்கொரியாவில் 2004இல் தொடங்கிய 'நேவர் வெப்டூன்' போன்ற தளங்கள், பக்கம் புரட்டுவதற்கு மாறாக மேலிருந்து கீழாக விரலால் தள்ளிப் படிக்கும் முறையைப் பரப்பின. கைபேசித் திரையின் வடிவத்துக்கு அது இயல்பாகப் பொருந்தியது. நம் நாட்டில் முகமது ஃபைசல் வரைந்த 'கார்பேஜ் பின்', குட்டு என்னும் சிறுவன் வழியாக வட இந்திய நடுத்தரக் குடும்பத்தின் பழைய குழந்தைப் பருவத்தை மீட்டெடுத்துச் சமூக ஊடகத்தில் பெரும் வரவேற்பைப் பெற்றது. ஆர்த்தி பார்த்தசாரதி 2014இல் தொடங்கிய 'ராயல் எக்சிஸ்டென்ஷியல்ஸ்', பழைய சிற்றோவியங்களில் உள்ள அரச உருவங்களின் வாயில் இன்றைய மனிதரின் கவலைகளை வைத்தது. ஒருவர் புதிதாக ஓர் உருவமும் வரையாமலேயே சித்திரக்கதை படைக்க முடியும் என்பதற்கு இரண்டாவது சான்று.

அழகாக வரையத் தெரிய வேண்டுமா?

"எனக்கு வரையத் தெரியாதே" என்பதே பலரின் முதல் தயக்கம். இதற்கு விடையாக மூன்று எடுத்துக்காட்டுகளைக் காணலாம்.

முதலாவது அமெரிக்காவைச் சேர்ந்தது. இயற்பியல் படித்த ராண்டல் மன்ரோ, தம் நோட்டுப் புத்தகத்தில் கிறுக்கியிருந்த படங்களை 2005இல் இணையத்தில் வெளியிட்டார். 'எக்ஸ்கேசிடி' என்னும் அந்தத் தொடரின் பாத்திரங்கள் முகம்கூட இல்லாத குச்சி மனிதர்கள். அறிவியலும் நகைச்சுவையும் கலந்த அந்தக் குச்சி உருவங்களை உலகெங்கும் உள்ள வாசகர்கள் இன்றும் தொடர்ந்து படிக்கிறார்கள்.

இரண்டாவது ஜப்பானைச் சேர்ந்தது. 'ஒன்' என்னும் புனைபெயர் கொண்ட ஒருவர் 2009இல் தாமே வரைந்த 'ஒன் பஞ்ச் மேன்' கதையை, ஆர்வலர்கள் படைப்புகளை வெளியிடும் ஓர் இணையதளத்தில் பதிவேற்றத் தொடங்கினார். ஓவியம் கரடுமுரடாக இருந்தது. ஆனால் எந்த எதிரியையும் ஒரே குத்தில் வீழ்த்திவிடுவதால் வாழ்க்கையே சலித்துப்போன ஒரு நாயகன் என்ற கற்பனை வாசகர்களைப் பிடித்துக்கொண்டது. தேர்ந்த ஓவியரான யூசுகே முராதா அதைப் படித்து வியந்து, தாமே மீண்டும் வரைய முன்வந்தார். அந்தப் புதிய வடிவம் 2012இல் வெளிவரத் தொடங்கியது. 2015இல் தொலைக்காட்சித் தொடராகவும் ஆனது. கோடுகள் நேராகும்வரை காத்திருந்திருந்தால் அந்தக் கதை பிறந்தே இருக்காது.

மூன்றாவது நம் மண்ணைச் சேர்ந்தது. ஷரத் சர்மா நிறுவிய 'வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா' அமைப்பு, இதற்குமுன் வரைந்தே பழகாத சிற்றூர் மக்களுக்கும் படக்கதை செய்யக் கற்றுத்தருகிறது. இரண்டு வெள்ளைத்தாள்கள், ஒரு பேனா, நான்கு கட்டங்கள்: இவையே கருவிகள். முதற்கட்டத்தில் சூழல், அடுத்த இரண்டில் சிக்கல், கடைசியில் முடிவு. அதை நகலெடுத்துப் பேருந்து நிறுத்தத்திலும் தேநீர்க்கடைச் சுவரிலும் ஒட்டுகிறார்கள். படிப்பவர்கள் பக்கத்து வீட்டார், கதையும் அவர்களுடையதே. இணையச் சித்திரக்கதைக்கு வரும் புதியவருக்கும் இந்த நான்கு கட்ட முறையைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை.

குழு செய்யும் பணி

தனியாக வரையும் ஒருவருக்குப் பெரும்பாலும் மூன்று குறைகள் நேர்கின்றன: எதை வரைவது என்று தெரியாமை, தொடர முடியாமை, முன்னேறுகிறோமா என்று அறிய முடியாமை. நல்ல இணையக் குழு இம்மூன்றுக்கும் வழி செய்கிறது.

எதை வரைவது என்பதற்கு விடையாகக் குழுக்கள் தலைப்புப் பட்டியல் தருகின்றன. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தம் மைக்கோட்டைச் செம்மைப்படுத்திக்கொள்ளத் தமக்கே ஒரு சவாலை விதித்துக்கொண்டார். அக்டோபரில் நாளுக்கு ஒன்றாக 31 ஓவியங்கள் என்பதே அது. 'இங்க்டோபர்' என்ற பெயரில் அது இன்று உலகளாவிய வழக்கமாகிவிட்டது. ஒரே சொல்லை ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் வரைகிறார்கள். 'பாலம்' என்ற சொல்லுக்கு ஒருவர் பாம்பனை வரைந்தால், மற்றொருவர் தாத்தாவும் பேரனும் பிடித்திருக்கும் கைகளை வரைகிறார். அடுத்தவர் பார்வை நம் பார்வையை விரிவாக்குகிறது.

தொடர்வதற்குக் கூட்டு முயற்சி துணைநிற்கிறது. சித்திரக்கதை ஆய்வாளர் ஸ்காட் மெக்ளவுட் 1990இல் தம் நண்பருக்கு ஒரு சவால் விடுத்தார்: 24 மணி நேரத்தில் 24 பக்கப் படக்கதை. நண்பர்கள் இருவருக்கிடையே பிறந்த இந்த விளையாட்டை 2004 முதல் பல நாடுகளில் ஓவியர்கள் குறிப்பிட்ட ஒரு நாளில் ஒன்றுகூடிச் செய்கிறார்கள். நள்ளிரவில் பதினான்காம் பக்கத்தில் கை சோரும்போது, திரையின் மறுபுறத்தில் இன்னொருவரும் அதே பக்கத்தில் திணறிக்கொண்டிருக்கிறார் என்ற செய்தி தேநீரைவிட நல்ல ஊக்கம் தருகிறது.

வீட்டுக்கு வெளியே வரைய விரும்புவோருக்கும் துணை உண்டு. சியாட்டில் நகரப் பத்திரிகையாளர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் இணையத்தில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்னும் வட்டத்துக்கு இன்று மும்பை, புணே, பெங்களூரு உள்ளிட்ட நம் நகரங்களிலும் கிளைகள் உள்ளன. விடுமுறை நாளில் பழைய சந்தையிலோ ரயில் நிலைய வாயிலிலோ கூடி, கண்முன் காண்பதை அங்கேயே வரைந்து, ஓவியங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். கட்டட வரைஞர், பள்ளி மாணவி, பணி ஓய்வு பெற்றவர் ஆகியோர் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பார்கள். அந்த வரிசையில் எந்த ஓவியத்துக்கும் பரிசு இல்லை.

முன்னேற்றத்தை அறிய எளிய வழியொன்றும் குழுக்களில் உண்டு. ஓராண்டுக்கு முன் வரைந்த அதே படத்தை மீண்டும் வரைந்து, இரண்டையும் அருகருகே வெளியிடுவது அது. பிறருடன் ஒப்பிட்டுச் சோர்வதைவிடத் தன் பழைய கோட்டுடன் ஒப்பிடுவது நேர்மையான அளவுகோல்.

கருத்துச் சொல்லும் கலை

குழுவின் தரம் அதன் உறுப்பினர் எண்ணிக்கையில் தெரிவதில்லை. கருத்துகளின் தன்மையில் தெரிகிறது. "அருமை", "சூப்பர்" என்ற சொற்கள் மகிழ்ச்சி தரும். ஆனால் அடுத்த படத்துக்கு உதவாது. "கை சரியில்லை" என்ற சொல் உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பின் அந்தக் கை வரையாமலே போகக்கூடும்.

சிறந்த குழுக்களில் எழுதப்படாத சில ஒழுங்குகள் உண்டு. வரைந்தவர் கேட்ட பின்னரே திருத்தம் சொல்வது முதலாவது. எது நன்றாக அமைந்துள்ளது என்பதைக் குறிப்பாகச் சொல்வது இரண்டாவது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்வது மூன்றாவது. எடுத்துக்காட்டாக, "மூன்றாவது கட்டத்தில் பாட்டி பேசாமல் இருப்பது சிரிப்பை வரவழைத்தது. இரண்டாவது கட்டத்தில் பேச்சுக் குமிழ்கள் இடம் மாறியிருந்தால் யார் முதலில் பேசினார் என்பது தெளிவாகியிருக்கும்" என்ற கருத்தைப் பெற்றவர் அன்றிரவே அந்தக் கட்டத்தைத் திருத்திவிடுவார்.

கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. "எப்படி இருக்கிறது?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "கடைசிக் கட்டத்தின் நகைச்சுவை புரிகிறதா?" என்று கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும். ஐந்து பேர் படத்துக்குக் கருத்துச் சொல்லிவிட்டுத் தன் படத்தை வெளியிடுபவருக்கு வாசகர் குறைவதில்லை.

தொடங்குவோருக்குச் சில நடைமுறைகள்

விலையுயர்ந்த கருவிகளை முதலில் வாங்க வேண்டியதில்லை. வெள்ளைத்தாள், பென்சில், கருப்புப் பேனா, பகல் வெளிச்சத்தில் படம் எடுக்க ஒரு கைபேசி ஆகியவை போதும். கணினியில் வரைய விரும்பினால் 'கிரிதா', 'கிம்ப்' ஆகிய மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஆறு மாதம் தொடர்ந்து வரைந்த பிறகு வரைபலகை வாங்குவதைப் பற்றி எண்ணலாம். கடன் அட்டைத் தவணையில் முதல் நாளே வாங்கிய கருவி, ஆர்வம் வடிந்த பின்னும் தவணையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

படக்கதையின் நுட்பம் கட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தில் இருக்கிறது என்று மெக்ளவுட் தம் 1993ஆம் ஆண்டு நூலில் விளக்கினார். முதல் கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் உடைந்த பானை. இடையில் நடந்ததை வாசகரே மனத்தில் வரைந்துகொள்கிறார். எனவே எல்லாவற்றையும் வரைந்து காட்ட வேண்டியதில்லை.

தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலப் படக்கதையின் அளவில் குமிழை வரைந்தால் சொல் நடுவில் உடையும். எனவே முதலில் உரையாடலை எழுதி, அதைச் சுற்றிக் குமிழை வரைந்து, பின்னர் உருவங்களுக்கு இடம் ஒதுக்குவது நல்லது. ஒரு குமிழில் பத்துச் சொற்களுக்கு மேல் வேண்டாம். எழுத்து, கைபேசியில் பெரிதாக்காமலே படிக்கும் அளவில் இருக்கட்டும். பாத்திரங்கள் பேச்சுத்தமிழில் பேசட்டும். மதுரைப் பாட்டி மதுரைத் தமிழிலேயே திட்டட்டும்.

வாரம் ஒன்று என்று அறிவிப்பதற்கு முன் நான்கைந்து கதைகளை முடித்துக் கையிருப்பில் வையுங்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரத்திலும், ஆண்டிறுதிக் கணக்கு முடிக்கும் வாரத்திலும் அந்தக் கையிருப்பு உதவும். அவசரகாலச் சேமிப்பின் இலக்கணமும் அதுவே. இருந்தும் இடைவெளி விழுந்தால் வருந்த வேண்டாம். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வருபவரைக் "கதை என்னவாயிற்று?" என்று அன்புடன் கேட்பதே நல்ல குழுவின் அடையாளம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள். அரை மணிக்கு ஒருமுறை விரல்களை நீட்டி மடக்குங்கள்.

பணம் வரும்போது

சிறிது காலம் தொடர்ந்து வரைந்தால் ஒருநாள் இப்படியொரு செய்தி வரலாம்: "எங்கள் திருமண நாளுக்கு எங்களை இப்படி வரைந்து தருவீர்களா? எவ்வளவு?" மகிழ்ச்சியான தருணம் அது. அங்கேதான் பொழுதுபோக்கு ஒரு திருப்பத்தை அடைகிறது.

கட்டணம் பெற்று வரைய முடிவு செய்தால், அளவு, உருவங்களின் எண்ணிக்கை, எத்தனை முறை திருத்தம், எந்த நாளில் ஒப்படைப்பு ஆகியவற்றை எழுத்தில் முடிவு செய்யுங்கள். ஒரு பகுதியை முன்பணமாகப் பெறுவது வழக்கமே. அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

ஓவியர்களைக் குறிவைக்கும் மோசடிகளும் உள்ளன. முன்பின் அறியாத ஒருவர் அதிக விலை பேசுவார். பிறகு "தவறுதலாகக் கூடுதல் தொகை அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். ஆதாரமாக ஒரு திரைப்படம் பிடித்த ரசீதையும் காட்டுவார். கணக்கில் பணமே வந்திருக்காது. உங்கள் வங்கிக் கணக்கின் இருப்பை நீங்களே பார்த்து உறுதி செய்யாமல் ஒரு ரூபாயும் திருப்பி அனுப்பாதீர்கள். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை உள்ளிட வேண்டியதே இல்லை. கியூஆர் குறியீட்டை வருடவும் வேண்டியதில்லை. இவற்றைச் செய்யச் சொல்பவர் பணம் தர வரவில்லை, எடுக்கவே வந்திருக்கிறார். ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழையுங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

ஓவிய வருவாய்க்கெனத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் வரவும் செலவும் தெளிவாகத் தெரியும். சிறு தொகையானாலும் அது வருமானமே. வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். தாள், மை, மென்பொருள் ஆகியவற்றின் ரசீதுகளைப் பாதுகாத்து வையுங்கள். வெளிநாட்டு வாசகரிடமிருந்து தொகை வந்தால், எதற்காக வந்தது என்று வங்கி கேட்கும். வேலை குறித்த கடிதப் போக்குவரத்து அப்போது உதவும்.

கட்டணம் வாங்காமலும் ஒரு வழி உண்டு. பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவுவா 2014இல் தொடங்கிய 'பெப்பர் அண்ட் கேரட்' என்னும் சித்திரக்கதை அனைவருக்கும் இலவசம். விரும்பிய வாசகர்கள் சிறு தொகை அளித்து அதைத் தாங்குகிறார்கள். தன்னார்வலர்கள் அதை 50க்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்த்துள்ளனர்.

உரிமையும் நன்றியும்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக வரைந்த படத்துக்கு வரைந்த கணத்திலேயே பதிப்புரிமை உண்டாகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. பதிவு, சான்றாக உதவும். அந்த உரிமை படைப்பாளியின் வாழ்நாளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். ஆனால் ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், கேட்டவரே முதல் உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தப் படத்தை உங்கள் நூலிலும் சேர்க்க விரும்பினால், அதை முன்கூட்டியே எழுதிக்கொள்வது நல்லது.

பிறர் உரிமையையும் அவ்வாறே மதிக்க வேண்டும். புகழ்பெற்ற பாத்திரங்களை அன்பினால் வரைந்து நண்பர்களுக்குக் காட்டுவது ஒன்று. அதைச் சட்டையில் அச்சிட்டு விற்பது வேறு. மற்றவர் படத்தின் மேல் வைத்து வரைந்ததைச் சொந்தப் படமாக வெளியிடுவதை எந்தக் குழுவும் ஏற்பதில்லை. செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களை அவ்வாறே அடையாளமிட வேண்டும் என்ற விதியும் பரவிவருகிறது. ஜப்பானின் 'பிக்சிவ்' தளம் 2022இல் இதை நடைமுறைப்படுத்தியது. யாரிடமிருந்து கற்றோமோ அவர் பெயரை நன்றியுடன் குறிப்பிடுவதே இவ்வுலகின் முதல் நாணயம்.

கட்டணம் வாங்கி வரையத் தொடங்கியவர்கள் ஒரு கேள்வியை அவ்வப்போது தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நல்லது: யாரும் கேட்காமல், தமக்காகவே கடைசியாக வரைந்தது எப்போது? வாரத்தில் ஒரு மாலையாவது விலை பேசப்படாத ஓவியத்துக்கென ஒதுக்கி வைத்தால், வருவாய் நின்றாலும் வரைவது நிற்காது.

இந்த வாரம் ஒரு தாளை எடுத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். இன்று நீங்கள் கேட்ட ஓர் உரையாடலை அதில் வரையுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் காட்டுங்கள். வேறொருவர் தம் கோணல் கோட்டை உங்களிடம் கொண்டுவரும்போது, நன்றாக அமைந்த இடத்தை முதலில் சுட்டிக்காட்டுங்கள்.